கடற்கரையில் ஒரு வகுப்பு

ராமேசுவரத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் புண்ணியம் தேடித்தான் போகிறார்கள். இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் வாளி வாளியாகத் தலையில் நீரை வாங்கிக்கொண்டு, ஈரத் துணியோடு பிராகாரத்தைச் சுற்றி வந்து, மாலை வண்டிக்குத் திரும்பிவிடுகிறார்கள். நானும் இரண்டு தடவை அவ்வாறே போய் வந்தவன்தான். மூன்றாம் தடவை புறப்பட்டபோது, ஒரு பள்ளிக்கூடத்தைப் பார்த்துவிட்டு வருவதென்று தீர்மானித்துக்கொண்டேன். பெரிய கலாசாலையென்று யாரும் நினைக்க வேண்டாம். குழந்தைகளுக்கு "அ, ஆ" சொல்லிக் கொடுக்கும் சின்னப் பள்ளிக்கூடம்.

இதைக் கேட்ட சிநேகிதர் ஒருவர், "பள்ளிக்கூடம் பார்க்க ராமேசுவரம் வரையிலுமா போக வேண்டும்? நம் தெருக் கோடியிலேயே ஒன்று இருக்கிறதே!" என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. அவருக்கு அப்போது பதில் சொல்லத் தெரியவில்லை. ஆகையால் டிக்கெட்டை வாங்கிவிட்டேன்.

வழியில் ராமநாதபுரத்தில் ஒரு நாள் தங்கினேன். சர்க்கார் உத்தியோகஸ்தர்களை மிரட்டுவதற்கென்று நம் நாட்டில் ஒரு வாக்கியம் உண்டு: "தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன்!" அந்தக் காடு எது என்று யாரும் விளக்குவதில்லை. கேட்பவர் மனத்தில் ராமநாதபுரம் சீமை தானாகவே வந்து நிற்கும். மத்திய சர்க்கார் 2018-ம் வருஷத்தில், தேசத்தில் பின்தங்கிய ஜில்லாக்கள் சிலவற்றைத் தனிக் கவனம் செலுத்துவதற்காகப் பொறுக்கியெடுத்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து அந்த ஜாபிதாவில் இடம் பெற்றவை இரண்டே ஜில்லாக்கள். ஒன்று விருதுநகர், மற்றொன்று ராமநாதபுரம்.

இப்படிப் பெயரெடுத்த ஜில்லா 2024-ம் வருஷத்துப் பத்தாம் வகுப்புப் பரீட்சையில் என்ன செய்தது தெரியுமா? மாநிலம் முழுவதற்கும் தேர்ச்சி நூற்றுக்கு 91.55 என்றிருந்தபோது, ராமநாதபுரத்துப் பிள்ளைகள் நூற்றுக்கு 96.36 பேர் தேறினார்கள். அரியலூருக்கும் சிவகங்கைக்கும் அடுத்தபடியாக மூன்றாவது ஸ்தானம்! மழை பொய்த்த கண்மாய்களைப் பார்த்துக்கொண்டே வந்த எனக்கு, இந்தக் கணக்கு மிகுந்த சந்தோஷத்தைக் கொடுத்தது. பத்திரிகைகள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் படத்தைப் போடுகின்றன. அதே பிள்ளைக்கு ஐந்து வயதில் கையைப் பிடித்து முதல் எழுத்தை எழுத வைத்தவர் யாரென்று எந்தப் பத்திரிகையும் விசாரிப்பதில்லை. நான் தேடிப் போனது அந்த உபாத்தியாயரைத்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

ராமநாதபுரத்திலே பள்ளிக்கூடம் என்பது நேற்று வந்த சரக்கு அல்ல. ஜெர்மனியிலிருந்து வந்த ஷ்வார்ட்ஸ் பாதிரியார் 1785-ம் வருஷத்திலேயே இங்கே பாடசாலை ஏற்படுத்திவிட்டார். அவருடைய பெயரால் விளங்கும் உயர்நிலைப் பள்ளிக்கு, இரண்டாவது மகா யுத்தம் முடிந்த பிறகு, ராமேசுவரம் தீவிலிருந்து ஒரு பையன் படிக்க வந்தான். வீட்டு நினைவு வந்து ஏங்கிப் போவானாம். ஒரு நாள் வேறொரு வகுப்பு நடந்துகொண்டிருந்த இடத்தில் தெரியாத்தனமாக நுழைந்துவிட்டான். கணக்கு வாத்தியார் ராமகிருஷ்ணையர் அவன் கழுத்தைப் பிடித்து, எல்லார் முன்னிலையிலும் பிரம்பால் வெளுத்துவிட்டார். சில மாதங்களுக்குப் பிறகு அதே பையன் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கினான். காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் ராமகிருஷ்ணையர் அந்தப் பிரம்படி விஷயத்தைச் சொல்லி, தம்மிடம் அடி வாங்குகிறவன் பெரிய மனிதனாகிவிடுவான் என்று பெருமையடித்துக்கொண்டாராம். அந்தப் பையன்தான் ஆ. ப. ஜெ. அப்துல் கலாம். வாத்தியாருடைய ஜோசியம் பலித்துவிட்டது. ஆனாலும் இந்தக் காலத்து உபாத்தியாயர்கள் யாரும் இந்தச் சம்பவத்தைப் பிரம்புக்கு நற்சாட்சிப் பத்திரமாக எடுத்துக்கொள்ள வேண்டாமென்று கேட்டுக்கொள்கிறேன்.

மறு நாள் ஞாயிற்றுக்கிழமை. ராமேசுவரம் வண்டியில் ஏறினேன். எதிர் ஆசனத்தில் கருவாட்டுக் கூடையுடன் ஒரு பாட்டி. பக்கத்தில் அவளுடைய பேத்தி. பேத்தியின் மடியில் அட்டையில் வெட்டி வெள்ளிக் காகிதம் ஒட்டிய ஒரு கத்தி இருந்தது. பாதியில் முறிந்து, நூலால் கட்டப்பட்டிருந்தது.

"யாரம்மா கத்தியை முறித்தது?" என்று கேட்டேன்.

பேத்தி பதில் சொல்லவில்லை. பாட்டிதான் சொன்னாள்: "பள்ளிக்கூடத்துல மாறுவேடப் போட்டிங்க ஐயா. இவ வேலு நாச்சியாரு. மூணாப்புப் படிக்கிறா. பேசிக்கிட்டிருக்கும்போதே கத்தி முறிஞ்சு போச்சு. அழாம முழுசையும் சொல்லி முடிச்சுட்டா."

"பரிசு கிடைத்ததா?"

இதற்குப் பேத்தியே வாய் திறந்தாள். "ரெண்டாவது. மொதப் பரிசும் வேலு நாச்சியாருக்குத்தான். மொத்தம் மூணு வேலு நாச்சியாரு, ரெண்டு கலாம்."

வேலு நாச்சியார் ராமநாதபுரம் அரண்மனையில் பிறந்து, சிவகங்கைக்கு வாழ்க்கைப்பட்டு, வெள்ளைக்காரர்களிடம் போன சீமையைப் படை திரட்டி மீட்ட வீராங்கனை. இந்தப் பக்கத்தில் அவளுடைய வேஷத்துக்குப் பஞ்சமிருக்க நியாயமில்லை. அரசாங்கப் பள்ளிக்கூடங்களில் 2022-ம் வருஷம் முதல் கலைத் திருவிழா என்று நடத்தி, பாட்டு, கூத்து, சித்திரம் எல்லாவற்றிலும் பிள்ளைகளைப் பழக்கி வருகிறார்கள். முறிந்த கத்தியோடு பேச்சை முடித்த பெண்ணுக்கு இரண்டாம் பரிசு கொடுத்த நடுவர்களைப் பற்றி எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான். ஆனால் முதல் பரிசு வாங்கிய நாச்சியாரை நான் பார்க்கவில்லையே!

"இவ அப்பா?" என்று விசாரித்தேன்.

"கடலுக்குப் போயிருக்கான்" என்றாள் பாட்டி. வேறொன்றும் சொல்லவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இந்தத் தீவிலே அந்த ஒரு வாக்கியத்துக்கு எத்தனையோ அர்த்தம் உண்டு. மீனோடு வந்தாலும் வரலாம். வெறும் வலையோடு வந்தாலும் வரலாம். எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு, மறு கரையிலே சிறையில் இருந்தாலும் இருக்கலாம். வகுப்பிலே ஒரு பிள்ளை வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தால், இங்குள்ள உபாத்தியாயர் பாடத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் கடலைப் பற்றிக் கேட்க வேண்டியிருக்கும்.

பேசிக்கொண்டிருக்கும்போதே வண்டி பாம்பன் பாலத்தில் ஏறிவிட்டது. 1914-ம் வருஷத்தில் திறந்த பழைய பாலம் பக்கத்திலேயே தெரிந்தது. நூறு வருஷத்துக்கு மேல் உப்புக் காற்றைத் தாங்கி நின்ற அந்தக் கிழவனுக்கு 2022-ம் வருஷக் கடைசியில் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். அது முதல் புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கும் வரையில் ரயில் மண்டபத்தோடு நின்றுவிட்டது. பழைய பாலம் கப்பலுக்கு வழி விட இரண்டு கைகளையும் அகல விரித்துத் தூக்கும். புதுப் பாலத்தில் நடுவேயுள்ள 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே மட்டமாக மேலே கிளம்புகிறது. வேலு நாச்சியார் இதையெல்லாம் எனக்குக் கையை வைத்து அபிநயம் செய்து காட்டினாள். அவளுடைய டீச்சர் சொல்லிக் கொடுத்ததாம். அவள் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை.

ராமேசுவரத்தில் திங்கட்கிழமை காலை கோயிலுக்குப் போகிற கூட்டத்தோடு சிறிது தூரம் நடந்து, பிறகு பிரிந்து பள்ளிக்கூடத்தை விசாரித்துக்கொண்டு போனேன். சாமியார் பள்ளி என்றால்தான் ஊரில் தெரிகிறது. மண்டபம் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி எண் 1 என்பது அதன் சர்க்கார் பெயர். தெருவில் நின்றபடி கேட்டால், உள்ளே வாய்ப்பாடு ஒலித்தது. எந்த ஊரிலும் எந்தக் காலத்திலும் ஒரே ராகம்.

இந்தப் பள்ளிக்கூடம் ஒவ்வொரு வருஷமும் தன்னுடைய சாதனைகளை எழுதி ஓர் அறிக்கை போட்டிருந்தால், 1941-ம் வருஷத்தை ஒட்டிய அறிக்கையில் என்ன இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். வருகைக் கணக்கு இருந்திருக்கும். இன்ஸ்பெக்டர் வந்துபோன தேதி இருந்திருக்கும். ஐந்தாம் வகுப்பிலே நடந்த மூன்று சங்கதிகள் நிச்சயமாக இருந்திரா. கலாம் அவர்களே பின்னாளில் தம் சுயசரிதையிலும் பிரசங்கங்களிலும் சொல்லியிராவிட்டால் அவை நமக்குத் தெரிய வந்திருக்கவும் மாட்டா.

முதலாவது சங்கதி இது. அவர் தலையில் குல்லாயுடன் முன் வரிசையில் உட்காருவார். பக்கத்தில் பூணூல் தரித்த ராமநாத சாஸ்திரி. ராமநாத சுவாமி கோயில் பிரதம அர்ச்சகர் லக்ஷ்மண சாஸ்திரிகளின் பிள்ளை. புதிதாக வந்த ஒரு வாத்தியாருக்கு இது கண்ணை உறுத்தியது. முஸ்லிம் பையனை எழுப்பிக் கடைசி பெஞ்சுக்குப் போகச் சொன்னார். அவன் போனான். முன் வரிசையில் இருந்த சாஸ்திரிப் பையன் அழுதான். கடைசி பெஞ்சுக்குப் போனதைவிட, அழுத அந்த முகந்தான் தம் மனத்தில் பதிந்துவிட்டதென்று கலாம் எழுதியிருக்கிறார்.

சாயங்காலம் இரண்டு பிள்ளைகளும் வீட்டில் சொன்னார்கள். லக்ஷ்மண சாஸ்திரிகள் வாத்தியாரைக் கூப்பிட்டனுப்பினார். குழந்தைகளின் மனத்தில் இந்த விஷத்தைக் கலக்கலாகாது. ஒன்று மன்னிப்புக் கேட்க வேண்டும், அல்லது பள்ளியையும் தீவையும் விட்டுப் போய்விட வேண்டும் என்று பிள்ளைகளின் எதிரிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வாத்தியார் வருந்தினார், மனமும் மாறினார். கோயில் அர்ச்சகரே இப்படிப் பேசினாரென்றால், அந்தத் தீவிலே பள்ளிக்கூடத்துக்கு எப்பேர்ப்பட்ட காவல் இருந்திருக்கிறது பாருங்கள்!

இரண்டாவது சங்கதி சமையற்கட்டைப் பற்றியது. விஞ்ஞான பாடம் எடுத்த சிவசுப்பிரமணிய ஐயர் ஆசாரமான குடும்பத்தவர். அவர் இந்தப் பையனை ஒரு நாள் சாப்பிடக் கூப்பிட்டார். அவருடைய மனைவி திடுக்கிட்டுப் போய், தம் சமையற்கட்டில் பரிமாற மறுத்துவிட்டார். ஐயர் கோபித்துக்கொள்ளவில்லை, தம் கையாலேயே பரிமாறி, பையன் பக்கத்தில் உட்கார்ந்து தாமும் சாப்பிட்டார். அம்மாள் கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். புறப்படும்போது ஐயர், அடுத்த வாரமும் வர வேண்டுமென்றார். பையன் தயங்கினான். ஆனால் மறு வாரம் அந்த அம்மாளே அவனை உள்ளே அழைத்துப் போய்த் தம் கையால் சோறு போட்டார். ஏழு நாட்களுக்குள் அந்த வீட்டில் என்ன பேச்சு நடந்ததோ, யார் கண்டார்கள்! அதை எழுதத் தெரிந்தவர் கையில் ஒரு நல்ல நாவல் இருக்கிறது.

மூன்றாவதுதான் பறவைப் பாடம். சிவசுப்பிரமணிய ஐயர் கரும்பலகையில் ஒரு பறவையைப் போட்டு, இறக்கை இன்னது, வால் இன்னது, பறவை எப்படி மேலே கிளம்புகிறது, எப்படித் திசை திரும்புகிறது என்றெல்லாம் விளக்கினார். முடிவில், புரிந்ததா என்று கேட்டார். கலாம் புரியவில்லையென்றார். இன்னும் பல பிள்ளைகளும் அதையே சொன்னார்கள். இந்த இடத்தில் வேறு வாத்தியாராயிருந்தால் பிரம்பு கைக்கு வந்திருக்கும். ஐயரோ வகுப்பு முழுவதையும் சாயங்காலம் கடற்கரைக்கு அழைத்துப் போனார். பத்தும் இருபதுமாகக் கடற்பறவைகள் வந்துகொண்டிருந்தன. இறக்கையை எப்படி அடிக்கிறது பாருங்கள், திரும்பும்போது வாலைப் பாருங்கள் என்று காட்டினார். இந்த யந்திரத்துக்கு எஞ்சின் எங்கே இருக்கிறதென்று கேட்டார். பறக்கும் வித்தையைப் பற்றித்தான் தம் வாழ்க்கை என்று அன்றைக்கே தமக்குத் தோன்றிவிட்டதாகக் கலாம் பல சபைகளில் சொல்லியிருக்கிறார். ராக்கெட்டும், 1997-ல் பாரத ரத்தினமும், 2002-ல் ராஷ்டிரபதி பதவியும் பிற்பாடு வந்தவை.

அந்த மாலை கடற்கரைக்குப் போன மற்றப் பிள்ளைகளின் ஞாபகமும் எனக்கு வந்தது. அவர்களில் பலர் வலை இழுத்திருப்பார்கள், கடை வைத்திருப்பார்கள், கோயிலில் மணியடித்திருப்பார்கள். அவர்களும் தலைக்கு மேலே பறவை திரும்பும்போது வாலைப் பார்த்திருப்பார்கள் அல்லவா? அவர்களுக்கு நடந்த பாடமும் அதே பாடந்தான்.

இந்தத் தீவின் பிள்ளைகளுக்கு ஆகாயத்தைப் பார்க்கும் பழக்கம் விட்டுப் போகவில்லை. 2021 பிப்ரவரி 7-ந் தேதி, நாட்டின் பல பாகங்களிலுமிருந்து பள்ளிப் பிள்ளைகள் ஏறக்குறைய ஆயிரம் பேர் சேர்ந்து செய்த நூறு குட்டிச் செயற்கைக் கோள்களை ராமேசுவரத்திலிருந்து பலூனில் கட்டி மேலே அனுப்பினார்கள். ஒவ்வொன்றும் உள்ளங்கையில் அடங்கிவிடும். காற்றின் தன்மையை அளக்கும் கருவிகள் உள்ளே இருந்தன. பூமியைச் சுற்றி வராமல் பலூனோடு போய்க் கீழே இறங்குகிற பொருளைச் "செயற்கைக் கோள்" என்று அழைப்பது சற்று அதிகந்தான். ஆனால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை தன் கையால் செய்த பெட்டி மேகத்துக்கு மேலே போய்விட்டது என்பதில் அதிகம் ஒன்றுமில்லை.

இத்தகைய திருவிழாக்களை விட, தினசரி நடக்கும் சில காரியங்கள் என் மனத்தைக் கவர்ந்தன. காலை வேளையில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலேயே பலகாரம் சாப்பிடுகிறார்கள். ஒரு நாள் உப்புமா, ஒரு நாள் கிச்சடி, ஒரு நாள் பொங்கல். காமராஜர் 1956-ல் ஆரம்பித்த மத்தியான உணவு, 1982-ல் எம். ஜி. ஆர். காலத்தில் சத்துணவாக விரிந்தது. 2022-ல் மதுரையில் தொடங்கிய காலைச் சிற்றுண்டி, 2023 ஆகஸ்டு முதல் மாநிலத்திலுள்ள அரசாங்கத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்திருக்கிறது. விடியற்காலையில் தாயும் மீன் இறங்கும் கரைக்குப் போய்விடுகிற வீடுகளில், ஆறு வயதுக் குழந்தைக்கு யார் அடுப்பு மூட்டுவார்கள்? வெறும் வயிற்றுடன் வரும் குழந்தைக்கு வாய்ப்பாடு ஏறுமா?

இன்னொரு கணக்கும் உண்டு. கீழைக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையில், 61 நாட்கள் விசைப் படகுகள் கடலுக்குப் போகக் கூடாதென்று தடை. மீன்கள் குஞ்சு பொரிக்கும் காலம், தடை அவசியந்தான். ஆனால் பள்ளிக்கூடம் திறப்பது ஜூன் மாதம்! வீட்டில் இரண்டு மாதமாகச் சம்பாத்தியம் இல்லாத வேளையிலேதான் புதுச் சட்டை, புதுப் புஸ்தகம், பை எல்லாம் வேண்டும். சர்க்கார் பள்ளியில் இவை இலவசமாகக் கிடைப்பதன் அருமை, சென்னையில் உட்கார்ந்திருக்கும் நமக்குச் சுலபத்தில் தெரியாது.

தொற்று நோய்க் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது பிள்ளைகள் எழுத்தையே மறந்துவிட்டார்கள். அதைச் சரிக்கட்ட 2021-ல் தன்னார்வலர்களைக் கொண்டு வீட்டு வாசலில் வகுப்பு நடத்தினார்கள். மறு வருஷம் "எண்ணும் எழுத்தும்" என்ற முறையைக் கொண்டு வந்தார்கள். இதில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, அவரவர் நிலைக்கு ஏற்பப் பாடம் சொல்கிறார்கள். "மக்கு" என்று கடைசி பெஞ்சில் உட்கார வைத்த காலத்தை நினைத்தால், "அரும்பு" என்று பெயர் வைத்தவரைப் பாராட்டத் தோன்றுகிறது. பெயர் மாறினால் போதுமா, பிள்ளை நிஜமாக மலர வேண்டாமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

பிற்பகலில் தனுஷ்கோடிக்குப் புறப்பட்டேன். முன்பெல்லாம் மணலில் குலுங்கிக் குலுங்கிப் போக வேண்டும். 2017 முதல் அரிச்சல்முனை வரையில் நல்ல சாலை இருக்கிறது. இரு பக்கமும் சமுத்திரம். நடுவே கறுப்பு நாடாவைப் போல் பாதை. 1964 டிசம்பர் 22-ந் தேதி இரவு, புயலும் கடலும் சேர்ந்து இந்த ஊரை விழுங்கின. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த ரயில் வண்டி அதிலிருந்த அத்தனை பேரோடும் கடலில் மூழ்கியது. ஊர் மனித வாசத்துக்கு உகந்ததல்லவென்று சர்க்கார் அறிவித்துவிட்டார்கள்.

மாதா கோயிலின் சுவர்கள் நிற்கின்றன. ரயில் நிலையத்தின் சின்னங்களும் பள்ளிக்கூடத்தின் சின்னங்களும் இருக்கின்றன. யாத்திரிகர்கள் மாதா கோயிலின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு, சங்கு மாலை வாங்குகிறார்கள். பள்ளிக்கூடத்தின் இடிந்த சுவரண்டை நான் போனபோது அங்கே ஓர் ஆடு மாத்திரம் இருந்தது. கூரையில்லாத அறை. கரும்பலகை இருந்திருக்கக்கூடிய பக்கத்துக்கு நேராகப் பார்த்தேன். சுவர் இடிந்த இடத்தில் கடல் தெரிந்தது.

ஆனால் வாசத்துக்கு உகந்ததல்லவென்று சொன்ன மண்ணை மீனவர்கள் விட்டுவிடவில்லை. கீற்றுக் குடிசைகள் போட்டுக்கொண்டு திரும்ப வந்துவிட்டார்கள். குடிசைகள் இருந்தால் குழந்தைகள் இருப்பார்கள். குழந்தைகளுக்கு ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஒன்று அங்கே நடக்கிறது. இடிந்த பள்ளிக்கூடத்துக்கு வண்டி வண்டியாக ஜனங்கள் வருகிறார்கள். நடக்கிற பள்ளிக்கூடத்தின் பக்கம் யாரும் திரும்புவதில்லை. சிநேகிதருக்குச் சொல்ல வேண்டிய பதில் இங்கேதான் எனக்குக் கிடைத்தது: நம் தெருக் கோடியிலுள்ள பள்ளிக்கூடத்தை நானும் இதுவரை திரும்பிப் பார்த்ததில்லை.

வெயில் தாழ்ந்துவிட்டது. உப்பங்கழியில் தூரத்திலே வெண்மையும் சிவப்புமாக ஒரு கோடு தெரிந்தது. பூநாரைகள்! கூட்டம் கூட்டமாக இங்கே வந்து தங்கும் இந்தப் பறவைகளுக்காக, 2025 ஜூன் மாதத்தில் தனுஷ்கோடியில் சுமார் 525 ஹெக்டேர் நிலத்தைச் சரணாலயமாகச் சர்க்கார் அறிவித்திருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பையைத் தோளிலிருந்து கழற்றாமலே ஒரு பையன் என் பக்கத்தில் வந்து நின்றான். ஏழெட்டு வயது இருக்கும்.

பெரியவர்கள் வழக்கமாகக் கேட்கிற கேள்வியை நானும் கேட்டுவிட்டேன். "தம்பி, பெரியவனானதும் என்னவாகப் போகிறாய்? கலாம் மாதிரி ஆகப் போகிறாயா?"

இந்தக் கேள்வியை யாத்திரிகர்களிடம் எத்தனை தடவை கேட்டிருக்கிறானோ! அவன் அதைச் சட்டை செய்யவே இல்லை. பறவைகளைக் காட்டி, "சார், அது ஏன் ஒத்தக் கால்ல நிக்குது?" என்றான்.

எனக்குத் தெரியவில்லை. குளிருக்காக இருக்கலாம் என்று ஏதோ இழுத்தேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"நாளைக்கு டீச்சர்கிட்டக் கேட்டுச் சொல்றேன். நீங்க இங்கதானே இருப்பீங்க?" என்றான்.

மறு நாள் காலை வண்டிக்கு டிக்கெட் வாங்கியிருந்தேன். அதை அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.